துரைக்குக் கொடுத்த மாத்திரை

இப்படித் தள்ளி உட்காருங்கள் அம்மிணி, அந்தப் பக்கம் வெயில் ஏறிவிடும். டோக்கன் எத்தனை? பதினேழா? எனக்குப் பதினெட்டு. நாய் எங்கே என்று பார்க்கிறீர்களா? நாய் இல்லை. மூன்று வாரமாகப் புதன்கிழமை தோறும் வருகிறேன். நாய்க்கு என்று சொல்லிச் சீட்டு வாங்குகிறேன். இந்த மாட்டாஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, என் நம்பரைக் கூப்பிடுவதற்குள் எழுந்து போய்விடுகிறேன். சீட்டு எழுதுகிற பெண் இன்றைக்குச் சிரித்தேவிட்டாள். "ஏனுங்ணா, உங்க நாய் என்னைக்குத்தான் வரும்?" என்றாள்.

குட்டி மேல் இருக்கிற துண்டைக் கொஞ்சம் விலக்குங்கள். தொட மாட்டேன், பார்க்கிறேன், அவ்வளவுதான். கண்ணைச் சுற்றி முடி போயிருக்கிறது. முன்காலிலும் போயிருக்கிறது. சொறிகிறதா? சொறிந்தது, இப்போது ஒரு வாரமாக இல்லையா? ஒரு வாரமாக எப்படி இல்லாமல் போனது? சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டால் ஏமாற்றியது போல் இருக்கும். நீங்கள் உள்ளே போய்க் குட்டியைக் காட்டியதும், டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்கள் கேள்வியாகவே கேளுங்கள். அரிப்புக்கும் வலிக்கும் கொடுக்கிற சின்ன வெள்ளை மாத்திரை இருக்கிறதே, ஸ்டீராய்டு, அதை வருஷக்கணக்கில் தின்று பழகிய உடம்புக்கு, உயிர் போகாமல் அதை எப்படி நிறுத்துவது? அவ்வளவுதான். நான் கேட்கலாம். கேட்டால் அவர்களுக்கு என் முகம் ஞாபகம் வந்துவிடும்.

என் பெயர் தெய்வசிகாமணி. மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறேன், முப்பத்தொரு வருஷமாக. முதலாளி இல்லை, கவுன்டரில் நிற்பவன். மருந்துப் படிப்புப் படித்த ஒருவருடைய சர்டிபிகேட் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவரை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. என்னைத்தான் தெரியும். எங்கள் ஊர் தறி ஊர். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற ஜனங்கள். முழங்கால் போகும், இடுப்புப் போகும், பஞ்சுத் தூசியில் மூச்சுப் போகும். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் ஒரு ஷிப்ட் போய்விடும். அதனால் கடை முன்னால் வந்து நின்று, "ஒரு செட் குடுங்ணா" என்பார்கள்.

செட் என்றால் உங்களுக்கும் தெரியும். காகிதத்தில் நாலு மாத்திரை மடித்துக் கொடுப்போம். பெயர் கிடையாது, அட்டை கிடையாது. ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று மஞ்சளாக, சத்துக்கு. நாலாவது சின்னது. சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. வேலை செய்வது அந்த நாலாவதுதான். மற்ற மூன்றும் அதற்குத் துணைக்குப் போகிறவை. எங்கள் தெருவில் நாலு மெடிக்கல் இருக்கிறது. "சிகாமணி அண்ணன் செட்டு" என்று கேட்டு என்னிடம்தான் வருவார்கள். நான் சாப்பிடப் போயிருந்தால் காத்திருந்து வாங்கிப் போவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது அம்மிணி. இல்லை என்று சொன்னால் பொய். மறுநாள் தெருவில் பார்த்து, "பறந்துபோச்சுங்ணா வலி" என்று ஒருத்தன் சொன்னால், அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்காது.

துரையைக் கொண்டுவந்தவள் என் மனைவி கலாமணி. தறிக் குடோன் பக்கம் கிடந்த குட்டி. வெளுத்த செம்பட்டை நிறம். யாருடைய வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காதது போலத் திரும்பி வரும். அந்த நடையைப் பார்த்துத்தான் துரை என்று பெயர் வைத்தாள். எங்கள் மகள் தாரணி கல்யாணமாகிப் பெங்களூர் போன வருஷம் அது. வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை என்று நாயோடு பேசுவாள். "துரைக்கு இன்னைக்கு என்ன கோவம்? சாம்பார்ல உப்பு கம்மியா?" என்பாள். எனக்குச் சொல்ல வேண்டியதையும் அதனிடம்தான் சொல்வாள். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொள்வேன்.

நாலாவது வயசில் அரிப்பு ஆரம்பித்தது. வாலடியில் முதலில். திரும்பித் திரும்பிக் கடித்துக் கடித்து அந்த இடம் சிவந்து, முடி போய், ஈரமாகிவிட்டது. உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ, ஏதோ ஒன்று. இன்றைக்குத் தெரிகிறது, ஒரு தடவை இங்கே கூட்டிவந்து காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொன்னார்கள். வேப்பெண்ணெய், மஞ்சள், கந்தகம். எதிர்வீட்டு ஒர்க்‌ஷாப்காரர் ஒரு டப்பா கழிவு ஆயிலையே கொண்டுவந்து வைத்துவிட்டார், லாரிக்கு ஊற்றி வடித்தது. "ரெண்டு தடவை பூசிவுடுங்க, சொறி ஓடிப்போயிரும்" என்றார். நான் சிரித்தேன். நாக்கால் நக்குகிற பிராணிக்கு ஆயிலைப் பூசுவார்களா என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அன்று சாயங்காலம் கடையிலிருந்து அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைக் கொண்டுவந்து, இட்லி விள்ளலில் வைத்து உருட்டி, துரையின் வாயில் போட்டேன்.

மூன்றே நாள். சொறிதல் நின்றது. இரண்டு வாரத்தில் முடி முளைத்தது. கலாமணி அதன் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே காட்டினாள்.

நிறுத்தினேன். பத்து நாளில் அரிப்பு திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன். நிறுத்தினேன். வந்தது. கொடுத்தேன். அப்புறம் நிறுத்துவதையே நிறுத்திவிட்டேன். காலையில் இட்லி, இட்லிக்குள் மாத்திரை. ஒன்றேகால் வருஷம்.

இதைக் கேளுங்கள், உங்களுக்கு உதவும். முதலில் பசி வரும். எவ்வளவு போட்டாலும் தின்னும். உடம்பு தேறுகிறது என்று நமக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் தண்ணீர். துரை தண்ணீர் குடிப்பது தெருவுக்குக் கேட்கும். சளப் சளப் என்று, நிறுத்தாமல், ஒரு வாளியையே காலி பண்ணும். குடித்ததை வீட்டுக்குள்ளேயே விட்டுவிடும். கூச்சமுள்ள நாய் அது, அப்படிச் செய்யாது. செய்துவிட்டு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வயிறு தொங்கியது. எதிர்வீட்டுக்காரர், "ஏனுங்க சிகாமணி, உங்க துரைக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். "ஆடியில வளைகாப்பு, வந்துருங்க" என்றேன்.

முடி மறுபடி உதிர்ந்தது. இந்தத் தடவை அரிப்பே இல்லை, அதுதான் விசேஷம். சொறியாமலேயே உதிர்ந்தது. இரண்டு விலாவிலும் ஒரே அளவாக, அளந்து எடுத்தது போல. தலையில் இருந்தது, காலில் இருந்தது, நடுவில் இல்லை. யாரோ சட்டையைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி. தோல் கறுத்தது, கறுத்துக்கொண்டே மெலிந்தது. உள்ளே ஓடுகிற நரம்பு நீலமாகத் தெரிந்தது. முதுகில் அங்கங்கே சுண்ணாம்புக் கட்டி போலக் கெட்டியாகியிருந்தது. கலாமணி அதன் மேல் கை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

"இதென்னங்க, காகிதமாட்ட இருக்குது?"

"வயசாகுதுல்ல" என்றேன்.

துரைக்கு அப்போது ஐந்து வயசு.

கலாமணிக்கு முழங்கால் வலி. இருபது வருஷம் தறி ஓட்டியவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாமல் அழுதாள். அந்த அழுகையை என்னால் கேட்க முடியவில்லை அம்மிணி. அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்தேன். அவளுக்குச் செட் இல்லை, நாலாவது மட்டும். மறுநாள் எழுந்து வாசல் கூட்டினாள். அன்றிலிருந்து தினம் காலையில் காபி குடித்ததும் கையை நீட்டுவாள், வைப்பேன். இரண்டு வருஷத்தில் நல்ல சதை போட்டாள். கன்னம் உருண்டு, பிடரியில் ஒரு திண்டு போல வந்தது. போன இடத்திலெல்லாம், "கலாமணிக்கு என்ன, புருசன் மெடிக்கல், முகம் நிலாவாட்டம் ஆயிருச்சு" என்பார்கள். எனக்கு அதுவும் பெருமைதான்.

கையில் மட்டும் எதைத் தொட்டாலும் நீலம் பாய்ந்துவிடும். ஒரு தடவை பஸ்ஸில் ஏற்றுவதற்காக மணிக்கட்டைப் பிடித்தேன், மறுநாள் ஐந்து விரலும் பதிந்திருந்தது. வந்திருந்த தாரணி அதைப் பார்த்துவிட்டாள். சமையல்கட்டில் மெதுவாக, "அப்பா அடிச்சாராம்மா?" என்று கேட்டாள். எனக்குக் கேட்டுவிட்டது. நான் கலாமணியை அடித்ததே இல்லை. முப்பது வருஷத்தில் ஒரு நாளும் இல்லை. வேண்டுமானால் எங்கள் தெருவில் யாரிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

துரையை இங்கே கூட்டிவந்தது கலாமணியின் பிடிவாதத்தால்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அவள் இருந்தாள், மடியில் அதன் தலை. உள்ளே டாக்டரம்மா நல்ல மாதிரி. சின்ன வயசு. விலாவில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார்கள். தூக்கிய தோல் அப்படியே நின்றது.

"தண்ணி நிறையக் குடிக்குதா?"

"ஆமாங்க" என்றாள் கலாமணி.

"மாத்திரை, ஊசி, ஸ்டீராய்டு ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்கி ஏதாச்சும்?"

"இல்லீங்க. நானே மெடிக்கல்லதான் இருக்கிறேன். அது எனக்குத் தெரியாதுங்களா?"

கலாமணி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் குனிந்து துரையின் காதைத் தடவ ஆரம்பித்தாள். அவள் அப்போது சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். ஒத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது மனிதர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க வேண்டாம் என்று அவள் பேசாமல் இருந்தாள். நான் எதற்காக இல்லை என்றேன்? டாக்டரம்மா என்னை என்ன செய்துவிடுவார்கள்? அவர்களுக்கு என்னைத் தெரியாது, திட்டியிருந்தால் ஒரு நிமிஷம் திட்டியிருப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் கொடுக்க முடியவில்லை.

"அப்போ சுரப்பியில கோளாறு இருக்கலாம். அடுத்த புதன்கிழமை வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்துரலாம்" என்றார்கள்.

ரத்தம் என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. ரத்தத்தில் தெரிந்துவிடும். அன்றைக்கே, அந்த வேளையிலிருந்தே, துரைக்கு மாத்திரையை நிறுத்தினேன்.

திடீரென்று நிறுத்தக்கூடாது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். டாக்டர்கள் எழுதுகிற சீட்டில் பார்த்திருக்கிறேன். ஐந்து நாள் இரண்டு, ஐந்து நாள் ஒன்று, ஐந்து நாள் அரை என்று இறங்கிக்கொண்டே வரும். அந்த உடம்பு சொந்தமாகச் சுரக்க மறந்துபோயிருக்கும், ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தித்தான் விட வேண்டும். நானே அட்டையைக் கத்தரித்து எண்ணிக் கொடுத்திருக்கிறேன். சீட்டில் இருந்தால் எனக்குத் தெரியும். சீட்டில்லாமல் கொடுத்ததை நிறுத்துவது எப்படி என்று எந்தச் சீட்டில் எழுதியிருக்கும்?

வெள்ளிக்கிழமை துரை சாப்பிடவில்லை. சனிக்கிழமை வாந்தி எடுத்தது. ஞாயிறு நிற்க முயன்று பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. கலாமணி அதன் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டாள். "ஏதாச்சும் குடுங்களேன், உங்ககிட்ட இல்லாத மருந்தா?" என்றாள். ஒரு மாத்திரை கொடுத்திருந்தால் எழுந்திருக்கும். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், புதனுக்கு இன்னும் மூன்று நாள், மூன்று நாள் தாங்கட்டும் என்று. வாய்விட்டு, "நாளைக்குச் சரியாயிரும் கலா" என்றேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் கடையில் யாருக்கோ செட் மடித்துக்கொண்டிருக்கும்போது, போன் வந்தது. "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலாமணி வைத்துவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். குழியில் இறக்கும்போது அதன் தோல் என் விரல் பட்ட இடத்தில் கிழிந்தது. மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கலாமணி சேலைத் தலைப்பை விலக்கித் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலமாக இருந்தது.

"ஏனுங்க, அதுக்கு வந்தது எனக்கும் வருமா?"

"நாய்க்கு வர்றது மனுசனுக்கு வராது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் காலை நான் மாத்திரையை நீட்டினேன். வாங்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மாத்திரையை என் உள்ளங்கையிலேயே வைத்து மூடினாள். "வேண்டாங்க. வலிச்சா வலிச்சுட்டுப் போகுது" என்றாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, ஒரு வார்த்தை குத்தலாக இல்லை. திட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் தட்டில் போட்ட சோற்றைத் தள்ளிவைத்தாள். எந்த நாளில் சோற்றைத் தள்ளினாள் என்று பார்த்தீர்களா? துரைக்கும் மூன்றாம் நாள்தான். நான் எதிரில் உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் விடியற்காலை எழுந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்குக் காபி போட்டேன். மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிக் காபியில் கலக்கினேன்.

"கசக்குதுங்க" என்றாள்.

"தூள் மாத்தியிருக்கிறேன். பழகிரும்."

பழகிவிட்டது. இன்றைக்கு ஐம்பத்தோராவது நாள். தினமும் நான்தான் காபி போடுகிறேன். அவள் வாசலில் நின்று தெருவுக்கே சொல்கிறாள், "துரை போனதுல இருந்து எங்கூட்டுக்காரருதான் எந்திரிச்சுக் காபி போட்டுக் குடுக்கறாரு" என்று. பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் புருஷன்மாரைத் திட்டுகிறார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பேன். கண் அயர்ந்ததும் அந்தச் சத்தம் கேட்கும். சளப் சளப் என்று, நிறுத்தாமல். துரை குடிக்கிறது என்று தூக்கத்திலேயே நினைத்துக்கொள்வேன். அப்புறம் துரை இல்லையே என்று திடுக்கிட்டு எழுந்து பார்ப்பேன். கலாமணி குடத்தடியில் நின்றுகொண்டு சொம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருப்பாள். ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு. குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்பாள். முடியை வாரும்போது சீப்பில் வருவதைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகிவைக்கிறாள். அந்தப் பந்து நாளுக்கு நாள் பெரிதாகிறது. நான் அந்த ஜன்னல் பக்கம் போவதில்லை.

மனுஷ டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்கிறீர்கள். நியாயம்தான். எங்கள் ஊரில் இரண்டு டாக்டர். இரண்டு பேருடைய சீட்டும் என் கவுன்டருக்குத்தான் வருகிறது. கலாமணியை உட்காரவைத்துவிட்டு நான் என்ன சொல்ல? ஆறு வருஷம் கொடுத்தேன், இப்போது தெரியாமல் கொடுக்கிறேன் என்றா? அவள் பக்கத்தில் இருப்பாளே. இங்கே என்றால் நாய் என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மூன்று புதன். நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்றைக்கு எழுந்து போகாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கலாமணி மாத்திரையை விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா? விட்டும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறாள். அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வரிசைவீட்டு வளவில் வளர்மதி என்று ஒரு பெண், தறிக்குப் போகிறவள், ஐந்து வருஷமாக என் செட் இல்லாமல் அவளுக்கு விடியாது. அவளிடம் சொல்லியிருக்கிறாள். "நான் விட்டுட்டேன் வளரு, ஒரு மண்ணும் ஆகலை. எல்லாம் நம்ம மனசுதான். நீயும் தைரியமா விட்டுப்போடு" என்று. சொல்லும்போது நான் உள்ளே இருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தூரம்? பத்தடி.

நேற்று சாயங்காலம் வளர்மதியின் புருஷன் கடைக்கு வந்தான். "நேத்தைல இருந்து வாந்திங்ணா, எந்திரிக்கவே மாட்டீங்கறா. வாந்திக்கு ஒரு செட் குடுங்ணா" என்றான். எத்தனை நாளாக மாத்திரை சாப்பிடவில்லை என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணினான். "அஞ்சு நாளுங்ணா."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், எதற்கு, என்ன ஆச்சு என்பான். கை தானாக மடித்தது அம்மிணி. வாந்திக்கு ஒன்று, அதோடு அந்த வெள்ளை. இரண்டாக வைத்தேன். ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. காலை ஏழு மணிக்குப் போன் அடித்தான். அவசரமாக எடுக்கப் போனதில் போன் கீழே விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தால் சிரிக்கிறான். "எந்திரிச்சு உக்காந்து ரெண்டு இட்லி தின்னுட்டாங்ணா! உங்க கைராசி யாருக்கும் வராதுங்ணா!" என்கிறான்.

அவன் சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. அவன் மட்டும் இல்லை. வருகிற வழியில் பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். யார் கன்னம் உருண்டிருக்கிறது, யார் பிடரி திரண்டிருக்கிறது என்று. முன் சீட்டில் ஒரு அம்மா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்கள். நான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துவிட்டேன்.

பதினைந்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். சீக்கிரம் வந்துவிடும். உங்கள் குட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரமாகச் சொறியவில்லை என்றீர்களே. மெடிக்கலில் ஏதோ கொடுத்தார்கள், இல்லையா? மறைக்காதீர்கள். நான் யார் உங்களைக் கேட்க, ஆனாலும் கேட்கிறேன். பையில் இருக்கிறதா? காட்டுங்கள். ஆமாம், இதுதான். காகிதத்தில் மடித்தால்கூட எனக்குத் தெரியும். எந்த ஊர் மெடிக்கல்? பரவாயில்லை, சொல்ல வேண்டாம். எந்த ஊராக இருந்தால் என்ன, என்னை மாதிரி ஒருத்தன் நிற்பான், அவனுக்கும் நல்ல மனசுதான் இருக்கும். டாக்டரம்மா கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். ஏழு நாள்தான் ஆகியிருக்கிறது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காகிதத்தை மேஜை மேலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் என் கேள்வி. நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள், புரிகிறது. இல்லை, கேட்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுதித் தரட்டுமா? ஆறு வருஷம், தினம் ஒன்று. போன வாரத்திலிருந்துதான் தைரியம் வந்து முக்காலாகக் குறைத்தேன். அரைக்கு வர எத்தனை நாள், காலுக்கு வர எத்தனை நாள். நடுவில் வாந்தி வந்தால் ஏற்ற வேண்டுமா, விட வேண்டுமா. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால், பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். பயமாக இருந்தது, பார்க்கவில்லை.

எடை கேட்பார்கள். மருந்துக் கணக்கு எடையை வைத்துத்தான். அறுபத்திரண்டு கிலோ.

இல்லை, தப்பாகச் சொல்லவில்லை. அறுபத்திரண்டு. அந்த எடையில் நாய் உண்டா என்று அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கையை நீட்டி இந்தப் பெஞ்சைக் காட்டினால் போதும். இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்லுங்கள், ஐம்பது கிலோ இருக்கும், ஐந்து வருஷச் செட். அதற்குப் பிறகு எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது.

பதினேழு கூப்பிடுகிறார்கள். எழுந்திருங்கள் அம்மிணி. துண்டு நழுவுகிறது பாருங்கள், குட்டிக்கு வெளிச்சம் கூசும். போங்கள்.

கதவைச் சாத்த வேண்டாம். அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து நான் தெரியட்டும்.